கடன் மூக்கு

இரண்டாம் அலையில் போன மோப்பம்
எனக்குத் திரும்பி வரவில்லை.
அதனால் வண்டி நாறுகிறது என்று முதலில் சொன்னது
கல்மண்டபம் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர்.
"மேடம், பெட்ரோல் ஒழுகுது, பாத்துக்கோங்க."
பற்றவைக்க எடுத்த பீடியை
மறுபடி காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

எழுபத்தொன்றில் செய்த எம்ஜி மிட்ஜெட்.
பச்சை. இரண்டே இருக்கை.
துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கன்டெய்னர் எண்ணிவிட்டு
பி.எஃப். பணத்தில் பாதியைப் போட்டு வாங்கியது.
செங்குன்றம் தாண்டி அரை கிரவுண்டு வந்திருக்கும் என்று
இக்னேஷியஸ் இன்னும் சொல்கிறார்.

இராயபுரத்தில் ஒரு நாற்றத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பது
லேசுப்பட்ட காரியமில்லை.
காசிமேட்டுக் கருவாடு இருக்கிறது,
காற்று திரும்பினால் மணலி இருக்கிறது,
கால்வாய் எப்போதும் இருக்கிறது.
இருப்பதாகச் சொல்கிறார்கள்.
எனக்கு எல்லாமே கழுவிக் கவிழ்த்த தட்டு.

ஆகவே மூக்குகளைக் கடன் வாங்கினேன்.
இக்னேஷியஸின் மூக்கு பானெட்டைக் காட்டியது.
மகள் பெர்னியின் மூக்கு 'பின் சீட்' என்றது,
பின் சீட்டே இல்லாத வண்டியில்.
வாட்ச்மேன் தம்பிதுரைக்குக் காலையில் மட்டும் அடிக்கிறதாம்,
சாயங்காலம் இல்லையாம்.
எல்லாவற்றையும் டாலி நோட்டில் ஏற்றினேன்:
தேதி, நேரம், யார் மூக்கு, டேங்கில் எத்தனை லிட்டர்.

புதுப்பேட்டை சம்சுதீன் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்.
"கார்ப்பரேட்டர்தான்க்கா. மிதவை ஊசி தேஞ்சிருக்கும்."
ஊசி மாற்றினோம்.
"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால். பழைய ரப்பரை அரிச்சுடும்."
ஹோஸ் மாற்றினோம், முன்னிருந்து பின்வரை, கிளிப் கிளிப்பாக.
ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்த இக்னேஷியஸ்
கைக்குட்டையை எடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டை மறுபடி விரித்தபோது நடு இரவு.
யார் மூக்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தவள்
லிட்டரைப் பார்க்கவில்லை.
பாதி டேங்குக்குக் கீழே யாருக்கும் எதுவும் அடிக்கவில்லை.
தம்பிதுரையின் காலைகள் எல்லாம்
முந்தின இரவு நான் நிரப்பிவந்த காலைகள்.
கல்பாக்கம் போய்த் திரும்பிய சாயங்காலங்களில்
அவர் மூக்கில் ஒன்றுமில்லை.
அப்படியானால் டேங்கின் இடுப்புக்கு மேலே.

மறுநாள் வாய்வரை நிரப்பினேன்.
டிக்கியடியில் பழைய போர்வை விரித்துப் படுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அளவுமானி பொருத்திய வட்டத்தைச் சுற்றி
பெர்னியின் முகப்பவுடரை அப்பினேன்.
பதினாலு மணி நேரம் பிந்தி வந்த கப்பல்களுக்குக் காத்திருந்தவள்.
இது நாற்பது நிமிடம்.
வட்டத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில்
பவுடர் இருண்டது.
கடுகளவு. அப்புறம் உளுந்தளவு.
"மாட்னியா" என்று கத்திவிட்டேன்.
வண்டிக்கு மறுபுறம்
தம்பிதுரையின் செருப்புகள் ஓடி வந்து நின்றன.

அதை சீல் என்று சொல்லக்கூடாது;
தொட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.
சம்சுதீன் பத்து நிமிடத்தில் வேறொன்று வெட்டித் தந்தார்.
"அப்ப அந்த ஊசி? ஹோஸு?"
"அதுவும் ஒருநாள் போகத்தானேக்கா போகுது."

வரிசையில் வந்து முகர்ந்தார்கள்.
பெர்னி இல்லை என்றாள். தம்பிதுரை இல்லை என்றார்.
இக்னேஷியஸ் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
"பவுடர் வாசனைதான் வருது" என்றார்.
கையெழுத்து வாங்காத குறை.

எல்லோரும் மாடியேறிய பிறகு
மூடியைத் திருகி, குழாயின் வாயில் முகத்தை வைத்தேன்.
உள்ளே இருபத்தேழு லிட்டர்.
ஒன்றுமில்லை.
மேலுதட்டில் மட்டும் ஏதோ பட்டுப் போனது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்:
இரவு 10.50. என் மூக்கு. டேங்க் நிறைவு.
ஜில்.