வாங்கி வந்த கட்டம்

செம்பூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
பத்மாசனி பலன் சொல்வதில்லை,
கேள்விதான் கேட்பாள்.
கல்லூரியில் உளவியல் எடுத்தவள்.
கட்டம் என்பது மனசின் வீட்டுப்படம், அவளுக்கு.
"எந்த அறையில் விளக்கே போடாமல் இருக்கிறீர்கள்
என்று பார்ப்போம்."
மணிக்கு ஆயிரத்து ஐநூறு.
கூகுள் பே உண்டு.

பிறந்த தேதி, நேரம், ஊர்.
காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடமாய்
ஊரார் பிறந்த தேதிகளைத் தட்டச்சு செய்கிறவள் நான்.
கை தானாக எழுதிற்று:
1986 நவம்பர் 4,
அதிகாலை இரண்டு இருபது,
சயான் ஆஸ்பத்திரி.

திரையில் கட்டம் விரிந்தது.
சிம்ம லக்னம். அனுஷம்.

நான் சித்திரை.

அது சேர்மராஜின் நேரம்.
வீட்டுக் கடன், பாலிசி, பாஸ்போர்ட்,
போன மாதம் வக்கீலிடம் கொடுத்த தாள்,
எல்லாவற்றிலும் அவன் தேதியை
நானே நிரப்பிப் பழகிய கை.
அந்த இரண்டு இருபது மட்டும்
பொருத்தம் பார்த்த நாளில் உள்ளே போனது,
வெளியே வரவேயில்லை.

திருத்த வாய் திறந்தேன்.
அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்:
"நாலாமிடத்துச் சந்திரன் நீசம். கூடவே சனி.
வீட்டுக்குள் கால் வைத்ததும்
உங்களுக்குக் குரல் போய்விடுகிறது, இல்லையா?"

மூடிக்கொண்டேன்.

"ஆறில் செவ்வாய், உச்சம்.
கோபத்தை வெளியே விடமாட்டீர்கள்.
வயிற்றுக்குத் தின்னக் கொடுப்பீர்கள்."
தலைமாட்டில் இளஞ்சிவப்பு ஜெலுசில்,
மூடி ஒட்டிக்கொண்ட பாட்டில்.
நீங்கள், நீங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல
அவன் கழற்றிப் போட்ட சட்டைக்குள்
கை நுழைப்பது போலிருந்தது.
அக்குளில் இன்னும் ஈரம்.

சந்தேகம் எனக்கும் உண்டு.
அதே இரவு, அதே வேளை
இந்த ஊரில் எத்தனை தொட்டில் ஆடியிருக்கும்.
அத்தனை பேருமா கதவைச் சாத்திக்கொண்டார்கள்?
கல்யாண் லோக்கலில் தொங்கிப் போகிறவர்களில்
வயிறு எரியாத ஆள் யார்?

"எப்போதிருந்து பேச்சை நிறுத்தினீர்கள்?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது.
அதுதான் திகைப்பு.
தாராவி. ஊரடங்கு. அந்த ஜனவரி.
பரணில் பாத்திரங்களுக்கு நடுவே மூன்று பேர்.
வாயைப் பொத்திய அப்பாவின் கை
விடியும்வரை எடுபடவில்லை.
கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை
பாதி சொன்னான்.
தண்ணீர் குடிக்க எழுந்து போனவன்
திரும்பி வந்து கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசினான்.

"எனக்கு ஆறு வயது," என்றேன் பத்மாசனியிடம்.
சொல்லும்போது உதட்டில் உப்புக் கரித்தது.
வேறு யாருடைய வியர்வையோ.

ஒன்பது வருடம் அவன் எதிரே நின்று கேட்டிருக்கிறேன்,
வாயில் என்ன கொழுக்கட்டையா என்று.
கொழுக்கட்டை இல்லை.
கை.

புரிந்தால் மன்னிக்க வேண்டுமென்று
பன்னிரண்டு வீட்டில் எந்த வீட்டிலும் எழுதியில்லை.
செவ்வாய்க்கிழமை வக்கீல் வரச் சொல்லியிருக்கிறார்.
போவேனா, தெரியாது.
பணத்தை அனுப்பிவிட்டு
என் பெயர் போட்ட அவன் கட்டத்தை
நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.
வெளியே மழை. மோனோ ரயில் ஒன்று
ஆளில்லாமல் வளைந்து போயிற்று.

வீட்டில் அவன்
சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு
கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்:
நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன்?

திரும்பவில்லை.
ஒரு ஓவர் முடிந்தது.
"பகல் பதினொன்றேகால்.
கரண்ட் இல்லையாம், உங்கம்மா சொன்னாங்க."

பதினொன்று இருபது.
ஐந்து நிமிடப் பிசகு.
லக்னம் மாறிவிடுமோ என்னவோ.
நான் திருத்தவில்லை.