காலி எடை

களியக்காவிளையில் எடை மேடை நடத்துகிறேன்.
எம்-சாண்ட், கோழி, தூத்துக்குடி உப்பு,
எது கேரளத்துக்குப் போனாலும்
என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகும்.

சாயா குடிக்கச் சாலையைக் கடந்தால் செல்போன் சிணுங்கும்:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
ஸ்டூலுக்குத் திரும்பினால் தமிழ்நாடு வரவேற்கும்.
தினம் ஆறு தடவை எல்லை தாண்டுகிற ஆளுக்கு
அயர்லாந்து என்றால் மட்டும் வெப்ராளமா என்று
ரெஜினி சிரிக்கிறாள், குவைத்திலிருந்து.

ஆறு வருஷமாய் அங்கே நர்ஸ்.
இப்போது கால்வேயில் வேலை. குடும்பத்தோடு வரலாமாம்.

பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டேன்.
இடப்பக்கம்: ராத்திரி பத்தரை மணி முத்தத்துக்காகப்
பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டாம்.
வலப்பக்கம்: அப்பா.
செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரையில்
ரத்தம் கழுவ வேண்டும். அங்கேயும் எடைதான்,
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
கழித்தால் இரண்டரைக் கிலோ தண்ணீர்.
அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான்.
அண்ணன் சொல்வதை எழுத
இரண்டு பக்கமும் இடமில்லை.

அங்கத்து வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.
மரச்சீனி கிடைக்குமாம்,
நைஜீரியாக்காரர் கடையில், மெழுகு பூசியது.
இது எந்தப் பக்கம்?

விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேரே
'சார்ந்திருப்பவர்' என்று இருந்தது.
நாற்பத்தொரு வயதில் அந்தச் சொல்
வாழைக் கறைபோல் ஒட்டியது விரலில்.
லாரிக்காரர்களை அதட்டுகிற இந்தக் குரலை
எந்தப் பெட்டியில் வைப்பேன்?
உள்ளதைச் சொன்னால், மாடி போட்டது அவள் சம்பளம்.
கறை முன்பே இருந்தது.
பேர்தான் தெரியாமல் இருந்தது.

வண்டியில்லாத நேரம், ராத்திரி,
ஆஷ்மி புதுப்பெட்டியை மேடைக்கு இழுத்து வந்தாள்.
அறுபது டன் தாங்கும் மேடை
இருபத்துமூன்று கிலோவுக்கு
ஒப்புக்கு இருபது என்றது.
அவளும் ஏறினாள். நான் ஏறினேன்.
மருந்துக்கடைக்குப் போய்வந்த அப்பாவும், சும்மா, ஏறினார்.
நூற்றறுபது.
அப்பா இறங்கினார். நூற்றிருபது.
நேற்று ஆஸ்பத்திரியில் ஐம்பது கிலோ இருந்த மனிதர்
இங்கே நாற்பது.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இது.
மிச்சத்தை யாரிடம் கேட்பது?

"அம்மை நேர்ல ஏசுவாளாப்பா?" என்றாள் ஆஷ்மி.
வீடியோவில் அவளுக்கு ஏச நேரமில்லை,
நாலு நிமிஷமும் கொஞ்சியே தீர்ந்துபோகும்.
"ஏசுவா மக்கா. நல்லா ஏசுவா."
"அடிப்பாளா?"
"அதும் இருக்கும்."
பெட்டிமேல் உட்கார்ந்து
அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்,
பிறந்தநாளை எண்ணுகிற முகத்தோடு.

ஹாரன். கோழி லாரி, கொல்லத்துக்கு.
பெட்டியை ஒதுக்கி, பிள்ளையை ஒதுக்கி,
கைக்குக் கிடைத்த தாளை அச்சில் செருகி
மொத்தம், காலி, சரக்கு என்று அடித்துக் கொடுத்தேன்.
இறகு ஒன்று மேடையில் விழுந்தது. மேடை அசரவில்லை.

பத்தரைக்கு ரெஜினி.
"எழுதியாச்சா ரெண்டு பக்கமும்?"
எழுதினேன் என்றேன்.
இந்நேரம் அமரவிளை தாண்டியிருக்கும்,
கோழிகளோடு.