அடுத்த பிறந்தநாள் யாருக்கு

பட்டியல் சொன்ன இடத்தில் வீடு இல்லை.
வெளிறிய புல் மட்டும் நீள்சதுரமாக,
யாரோ பாயைச் சுருட்டி எடுத்துப்போன தடம்போல.
"இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றான் படகோட்டி ரோசாமெல்.
"மார்ச் மாதம். பதினாறு காளை, நாற்பது ஆள்.
அடுப்பைக்கூட அணைக்கவில்லை."
சீலோவே தீவுகளில் இது நடப்பதுதானாம்.

கையேட்டைப் புரட்டினேன்.
வீடு பூட்டியிருந்தால் என்ன செய்ய,
நாய் கடித்தால் யாருக்கு எழுத,
எல்லாம் இருந்தது.
வீடே நடந்துபோனால் என்ன என்று
சாந்தியாகோவில் யாரும் யோசிக்கவில்லை.

மேட்டில் ஏறிக் கண்டுபிடித்தேன்.
அதே மரச்செதில் சுவர், அதே பச்சை.
முன்பு கல்லறையைப் பார்த்த ஜன்னல்
இப்போது கடலைப் பார்க்கிறது.

எல்சீரா கதவு திறந்தாள்.
மதம் பற்றி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
அவளிடம் சொல்ல ஏராளம் இருந்தது:
மாதா கோயிலில் முதல் நன்மை,
பெந்தகோஸ்தே சபையில் ஆற்று நீரில் இன்னொரு ஞானஸ்நானம்,
நான்கு வருடம் அந்நிய பாஷை,
அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
எதுவும் நடக்காமலே நின்றுபோனது.
"எழுதிக்கொள்" என்றாள்.

எழுத முடியாது.
வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரிடம்தான் கேட்கவேண்டும்.
அது விதி. அது நியாயமும்கூட:
பேச ஆசைப்படுகிறவர்களை மட்டும் கேட்டால்
உலகம் பேசுகிறவர்களால் ஆனதாகிவிடும்.

அடுத்த பிறந்தநாள் ஒவீதியோவுக்கு.
சிப்பிக் கயிறுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்
கை கழுவாமல் வந்து நின்றார்.
மழை, தகரத்தில்.

உங்கள் மதம்?
"இல்லை."
எதுவுமே?
"இல்லை என்றேனே."
ஒன்பதாம் குறியீட்டை வட்டமிட்டேன்.
கோயிலுக்கு எத்தனை முறை போவீர்கள்?
"தினமும்."

பேனா நின்றது.
சாவி அவரிடம்தான் இருக்கிறது, எல்சீரா உள்ளிருந்து கத்தினாள்.
பாதிரியார் வருடத்துக்கு இருமுறை படகில் வருவார்.
மற்ற நாளெல்லாம் கூரை ஒழுகும்,
பீடத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வாசலருகே இரண்டு.
வாளி வைக்கவேண்டும். நிறைந்தால் கொட்டவேண்டும்.
"யாராவது கொட்டவேண்டுமே" என்றார் ஒவீதியோ.
முரண்பட்ட பதில், மீண்டும் கேட்கவும்,
என்றது கையடக்கக் கருவி.
மீண்டும் கேட்டேன்.
அதே பதில், கொஞ்சம் சத்தமாக.

இங்கே ஐம்பது தாண்டிய ஆண்கள்
கணக்கெடுப்பவருக்குக் கதவு திறப்பது அரிது.
ஆகவே ஒவீதியோவின் எடை
மூவாயிரத்து நூற்றாறு என்று பிறகு கணக்கிட்டார்கள்.
அத்தனை பேராக அவர் அந்த அட்டவணைக்குள் நடந்துபோனார்,
கையில் வாளி இல்லாமல்.

வரைபடத்தில் ஒரு கோடு மயிரிழை இறங்கியது.
அந்த இறக்கத்தில் பாதி, விட்டுப்போனவர்கள்.
பாதி, செத்துப்போனவர்கள்.
தீவின் பதிவேட்டில் அந்த வருடம்
மூன்று ஞானஸ்நானம், பத்தொன்பது அடக்கம்.
பிள்ளைகள் பெறும் வயதில் இருந்தவர்கள்
சால்மன் பண்ணை தேடித் தெற்கே போயிருந்தார்கள்.
போனவருக்கும் செத்தவருக்கும் கோட்டில் ஒரே நிறம்.
நிறத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.
அச்சுச் செலவு, என்றார்கள்.

அன்று கிளம்பும்போது
எல்சீரா வேலிவரை வந்தாள், தலையில் சாக்கு போர்த்தி.
நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன் என்று தெரிந்தும்
ஆற்று நீர் எவ்வளவு குளிர் என்று சொன்னாள்.
முழுகி எழுந்தபோது கேட்ட சத்தம்
யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை என்றாள்.
ரோசாமெல் கீழே எஞ்சினை உதைத்துக்கொண்டிருந்தான்.

"என் பிறந்தநாள் ஆகஸ்டில்" என்றாள்.
"அவருடையது முடிந்த பிறகு வா.
வீடு இங்கேதான் இருக்கும்,
அநேகமாக."