கோணம் அளப்பவள்

சட்டையைக் கழற்றாதீர்கள்:
என் அறைக் கதவில் இருக்கும் ஒரே அறிவிப்பு.
கழற்றினால் தழும்பு தெரியும்.
தெரிந்தால்
யாருக்குத் தகடு, யாருக்கு வெறும் தூளி என்று
அறிந்துவிடுவேன்.
அறிந்த கண் அளந்தால்
ஐந்து பாகை கூடும்,
அல்லது குறையும்.

நவம்பரில் தாம்பெரே டிராம் நிறுத்தங்களில்
முதல் பனிக்கட்டி மெழுகிவிட்டதுபோல் படியும்.
சரளை கொட்டும் வண்டி வர ஆறு மணியாகும்.
ஐந்தரைக்கே கிளம்புகிறவர்கள் ஒருக்களித்து விழுவார்கள்.
படத்தில்
மேற்கையின் தலை
கரண்டியால் தட்டிய முட்டை.

தோலைக் கிழித்துக்கொண்டு வந்த எலும்பா,
அதற்குப் பேச்சே இல்லை, கத்திதான்.
இடம் பெயராத கீறலா, தூளி போதும்.
நடுவில் நிற்பவைதான் சிக்கல்.
அவற்றைப் பார்த்து
மூன்று டாக்டர்கள் நான்கு விதமாய்ப் பேசுவார்கள்.
அவற்றுக்காகவே
சம்மதித்தவர்களின் பெயரை வாங்கிக்கொண்டு
ஒரு கணினி பூவா தலையா போடுகிறது.

ஸைமி. தபால் பட்டுவாடா செய்தவள்.
தெல்லெர்வோ. நூலகத்தில் மேல்தட்டுக்காரி.
ஒரே வாரத்து வீழ்ச்சி, ஒரே இடது தோள்.
மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு:
முழுக்கைச் சட்டையில் வந்தார்கள்,
நான் கோணமானியை வைத்தேன்.
தலை சீவ முடிகிறதா?
அந்தப் பக்கம் படுத்துத் தூங்க முடிகிறதா?
ஒரு கிலோ சர்க்கரையை அலமாரியில் வைக்க?

ஸைமிக்கு நூற்றுப் பன்னிரண்டு.
தெல்லெர்வோவுக்கு நூற்றெட்டு.
கேட்கக் கூடாதுதான்,
ஆனாலும் மனசுக்குள் சீட்டுக் கட்டியிருந்தேன்.
ஸைமி கையைத் தூக்கும் வேகத்தில் எஃகு தெரிந்தது.
மற்றவள் பாவம்,
எலும்பை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

பிறகு பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை.
ஏரியில் வெட்டிய துவாரத்துக்குப் பக்கத்துப்
பொதுச் சவுனா, பெண்கள் பக்கம்.
ஆவி விலகியபோது மேல் படியில்
இரண்டு பேர்.
காத்திருப்பு அறையில் பழகிக்கொண்டார்களாம்.
நான் கண்ணை மூடினேன். சத்தியமாக மூடினேன்.
"வாங்க வாங்க, இங்கே கோணமானி உருகிவிடும்"
என்றாள் தெல்லெர்வோ,
கூப்பிட்ட குரலுக்குக் கண் திறந்துகொண்டது.

அவள் தோளில்தான் இருந்தது தழும்பு,
ஜிப் வைத்துத் தைத்ததுபோல், ஒரு சாண்.
ஸைமியின் தோளில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது,
கோணலாய்க் கூடிய எலும்பு
தோலுக்கடியில் ஒரு கூழாங்கல்லாய்ப் புடைத்திருந்தது.
அந்தக் கையால்தான்
அகப்பையில் தண்ணீர் மொண்டு
கல்லடுப்பில் வீசினாள்.
சீற்றம் எங்கள் மூவர் காதையும் சுட்டது.

"உறையைப் பிரித்ததும் அழுதேன்," என்றாள்.
"தூளி என்றால்
வைத்தியமே வேண்டாம் என்று கைவிட்டதாய் நினைத்தேன்.
எட்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன்.
தகடு கிடைத்தவளுக்கு லாட்டரி என்று வயிறெரிந்தேன்."
தெல்லெர்வோ சிரித்தாள், இருமினாள்.
"அடிப்பாவி, நானும் அழுதேன்.
என்னைத் திறக்கப்போகிறார்கள், தோற்றது நான் என்று.
ஒரு திருகு நீண்டு குத்தியது,
கழற்ற மறுபடி படுத்தேன்.
ஆனால் நான் பத்தாம் நாளே படுக்கையில் படுத்தேன்,
அதைச் சொல்ல வேண்டும்."

யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் வியர்த்தோம்.
"எது நல்லது?" என்று ஸைமி என்னைக் கேட்டாள்.
நானூறு தோள்கள் முடிந்தபின் சொல்வார்கள் என்றேன்.
"உங்களுக்கு?"
எனக்குத் தெரியாது.
அதற்குத்தான் சம்பளம் என்றேன்.

திங்கட்கிழமை
டாக்டர் ஹுவோவினெனின் படிவத்தில் எழுதினேன்:
அளவீட்டாளர் அறிந்துவிட்டார், இரு நோயாளிகள்.
இடம்: சவுனா.
எப்படி என்ற கட்டத்தில்
ஆவி விலகியது என்று எழுதி, அடித்துவிட்டு,
தற்செயல் என்று எழுதினேன்.

இனி அவர்களை வேறொருத்தி அளப்பாள்.
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றெட்டு:
நான்கு பாகை வித்தியாசம்.
என் கோணமானியின் பிழையே ஐந்து.