தண்ணீர் விடாத வேலை

ஆறு வருடம் ஷார்ஜா சாலை நடுவில்
பெட்டூனியாவுக்குக் குழாய் பிடித்தவன் நான்.
இப்போது தைத் ஊருக்கு வெளியே
ஆராய்ச்சிப் பண்ணையில்
நான்காம் வரிசைக்குத் தண்ணீர் விடாமலிருக்கச்
சம்பளம்.

மூன்று வரிசைக்குத் திறப்பேன்.
நான்காவதில் திருகை இறுக்கி
நோட்டில் ஒரு சுழியம்.
மாதம் முப்பது சுழியம்.
கூடக் கிடைக்கும் இருநூறு திர்ஹம்
அந்தச் சுழியத்துக்குத்தான் என்பான் மொக்லேஸ்.

செடியின் பெயர் ஹர்மல்.
ஒட்டகம் முகர்ந்து பார்த்து
உதட்டைத் திருப்பிக்கொண்டு போகும்.
முதல் வாரம், யாரும் பார்க்காதபோது
ஒரு இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தேன்.
மதியச் சோறுவரை கசந்தது.
சோற்றுக்குப் பிறகும்.
ராத்திரி மனைவியோடு பேசிய போனிலும்.

"நிலவேம்புக்கு அக்கா இது" என்றேன் தமிழில்.
டாக்டர் இக்லாஸ் புரியாமல் சிரித்தார்.
சூடான்காரர், கஸ்ஸலா பக்கம்.
எங்கள் பாஷை பாதி அரபி, பாதி இந்தி,
மீதி கை.

அவர் விளக்கியதில் எனக்கு எட்டியது:
வெயில் ஏற ஏற, வேர் உப்பைத் தொடத் தொட,
இலை தனக்குள் எதையோ காய்ச்சுகிறது.
எழுந்து ஓட முடியாததின் சமையல்.
அதை அரைத்து, ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து
மிளகளவு பொடியாய்க் கண்ணாடிக்குள் அடைப்பார்.
சர்க்கரைக்கு ஆகுமா, கட்டிக்கு ஆகுமா,
கல்லீரலைத்தான் கெடுக்குமா?
தெரியாது.
'தெரியாது' என்பதை மட்டும்
எனக்காகத் தமிழில் கற்றுக்கொண்டார்.

பக்கத்து ஒட்டகப் பட்டியின் குல்ஷேர்
வேலிக்கு அப்பால் நின்று கேட்பான்,
காய்ச்சலுக்கு நாலு இலை.
தரமாட்டார்.
அளவு தெரியும்வரை இது விஷம்,
தெரிந்த பிறகு பார்க்கலாம் என்பார்.
குல்ஷேர் வெளியே மணலில் முளைத்ததைப்
பறித்துக்கொண்டு போவான்.

ஆகஸ்டில் ஐம்பதைத் தொட்ட நாள்.
இருட்டிய பிறகும் வேலிக்கம்பி சுட்டது.
நான்காம் வரிசையின் கடைசி மூன்று தொட்டி
இலை சுருண்டு, விளிம்பு பழுத்து
யாரையும் எதுவும் கேட்காமல் நின்றன.
என் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
ஊற்றினேன்.
மறுநாளும்.
மாதம் முழுக்க.
நோட்டில் சுழியம்தான்.

அக்டோபரில் கூப்பிட்டார்.
திரையில் கோடுகள்.
நான்காம் வரிசையின் செடி ஒவ்வொன்றுக்கும்
ஊசி ஊசியாய் ஒரு சிகரம்.
மூன்றுக்கு மட்டும்
காற்று தட்டிவிட்ட மணல்மேடு.
"இந்த மூன்றுக்கும் ஏன் கசப்பில்லை, இஞ்ஞாசி?"

சொன்னேன்.
கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

முஸஃபாவில் இரண்டு கோடை சாரத்தில் நின்றேன், டாக்டர்.
எனக்கும் விளிம்பு பழுத்தது.
மூத்திரம் கட்டஞ்சாயா நிறத்தில் போயிற்று.
எனக்குள்ளும் ஒன்று விளைந்தது.
இடது சிறுநீரகத்தில், ஒன்பது மில்லிமீட்டர்.
லேசரில் உடைத்து எடுத்தார்கள்.
அதைப் பொடித்து
யாருக்கும் மருந்தாகக் கொடுக்கவில்லை.
தாகம் செடிக்குத்தான்
தொழில் கற்றுக்கொடுக்கும் போல.

குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
ஊருக்கு டிக்கெட் போடுவார் என்று நினைத்தேன்.
நோட்டை என் பக்கம் தள்ளினார்.
எந்தெந்த இரவு, எத்தனை மில்லி.
சுழியத்தை அழிக்காதே,
ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுது.

எழுதினேன்.
இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது.
இருநூற்றைம்பது.
ஒரு நாள் நூறு.
அன்றைக்கு எனக்கே தாகம்.

இப்போது ஜனவரி.
மூன்றும் பூத்திருக்கின்றன,
வெள்ளையில் லேசாக நீலம் ஓடி.
கசப்பில்லாத இலை.
ஒட்டகத்துக்குத் தெரிந்தால் மிச்சம் வைக்காது.

சாயங்காலம் பட்டிப் பக்கத்து வேலியை
ஒவ்வொரு கம்பியாய் இழுத்துப் பார்த்தேன்.
ஓரிடத்தில் தளர்ந்திருந்தது.
முறுக்கிவிட்டு வந்தேன்.