பெண் குரல், ஒன்று

வவுச்சரில் என் பேர் இருந்ததில்லை.
"பெண் குரல், ஒன்று" என்று எழுதி
ரெவின்யூ ஸ்டாம்ப் மேலே கையெழுத்துக் கேட்பார்கள்.
நாச்சாத்தாள் என்று போடுவேன்.
கடைசி ள் ஸ்டாம்ப்பைத் தாண்டி
வெளியே விழும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்.
சிங்காநல்லூர் மில்லில் அரை ஷிஃப்ட் கழித்துக்கொண்டு
தலையில் பஞ்சோடு ஏறுவேன்.
கொண்டையை அவிழ்த்தால் ஈரோடு வரைக்கும் உதிரும்.
எதிர் சீட்டுக்காரர் தும்முவார்.
"மன்னிச்சுக்குங்" என்பேன்.

கோடம்பாக்கத்தில்
கண்ணாடிக்கு அக்கட்டால ரெக்கார்டிஸ்ட், இக்கட்டால நான்,
காதில் ஹெட்போன், வயிற்றில் பாஸ் கிட்டார்.
டிஸ்கோ என்றார்கள். எனக்கொன்றும் புதுசில்லை.
பன்னெண்டு ரிங் ஃபிரேம் ஒன்றாக ஓடுகிற ஹாலில்
மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பழகினவள் நான்.
சத்தத்துக்கு மேலே கத்தினால் கேட்காது.
சத்தத்துக்கு நடுவில் ஒரு சந்து இருக்கும்,
அதில் குரலைச் செருகோணும்.

என்ன பாடினாய் என்று கேட்டால்
சொல்ல வார்த்தை கிடையாது.
"ஹா" உண்டு. "ஊ ஊ" உண்டு.
"ஷபா" நாலு தடவை, அஞ்சாவதுக்குச் சும்மா இருக்கோணும்;
அந்தச் சும்மாதான் சிரமம்.
ஒரு படத்தில் நாயகி குளத்தில் குதிக்குமுன்
இழுக்கிற மூச்சு என்னுடையது.
குதித்த பிறகு பாடுவது வேற ஆளு,
அவங்களுக்கு ரேட் ஜாஸ்தி.

ஊரில் இருக்கிற வாரத்தில்
பீளமேட்டு பம்ப்செட் கம்பெனி விளம்பரம்.
"தண்ணி பீச்சுற மாதிரி பாடுங்க அம்மிணி."
பாடினேன்.
"இது ரெண்டு எச்.பி.ங்க. அஞ்சு எச்.பி.க்கு வேணும்."

பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
காராசேவு தீர்ந்த பின்னால்
மாப்பிள்ளையின் சித்தப்பா தொண்டையைச் செருமி,
"கேசட்டுல பாடுதாமா புள்ள, ஒண்ணு பாடச் சொல்லுங்" என்றார்.
எனக்குத் தெரிந்ததைத்தானே பாட முடியும்.
தொடையில் விரல் வைத்து எட்டு எண்ணி, "ஹா".
மறுபடி எட்டு எண்ணி, "ஊ ஊ".
அடுத்து பதினாறு.
வீடே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது,
தெருவில் சோடா வண்டி ஒன்று கடந்து போய்ச்சேர்ந்தது.
"ஷபா."
அப்பன் மோட்டுவளையைப் பார்த்தார்.
கூட வந்த குழந்தை ஒன்று மட்டும்
எந்திரிச்சு இடுப்பை ஆட்டியது,
அதட்டி உட்கார வைத்தார்கள்.
"பொறவு சொல்லியுடறமுங்" என்று போனவர்கள்
இன்னும் சொல்லியுடவில்லை.

அப்புறம் கீபோர்டு வந்தது.
"ஹா எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு"
ரெக்கார்டிஸ்ட் ஒரு கட்டையை அமுக்கினார்.
என்னுதுங்களா என்றேன்.
யாரோ ஜப்பான்காரியுடையது என்றார்.
நல்லாத்தான் பாடியிருந்தாள், சந்தில் சரியாக விழுந்தாள்.
அவளுக்கு வவுச்சரில் என்ன போட்டிருப்பார்கள்?
கேட்க நினைத்து,
ரயிலுக்கு நேரமாச்சென்று வந்துவிட்டேன்.

போன மாசம் உக்கடத்தில் ஏறின டவுன் பஸ்ஸில்
என் பாட்டு.
அதாவது, நான் இருக்கிற பாட்டு.
துடைத்து மெருகேற்றிப் புதிசாய் விட்டிருக்கிறார்களாம்.
டிரைவர் முதற்கொண்டு எல்லார் உதட்டிலும் பல்லவி.
நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.
அஞ்சு, ஆறு, ஏழு,
"ஹா" இருந்தது.
அதற்கு முன்னால் நான் இழுத்த மூச்சைக் காணோம்,
அழுக்கென்று எடுத்துவிட்டார்கள்.
மூச்சே வாங்காமல் ஒருத்தி எப்படிங்க பாடுவாள்?

ராமநாதபுரம் சிக்னலில் பஸ் நிற்க
ரெண்டாம் சரணம் முடிந்து மறுபடி அந்த இடம்.
ஏழில் வாயைத் திறந்து இழுத்தேன்,
சத்தமாகவே.

பக்கத்துச் சீட்டுப் பெண் பதறி
ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.
"ஏனுங், மூச்சு முட்டுதுங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன்,
"எடம் வந்திருச்சு."