சேதாரம்

அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில்
குப்புறப் படுத்திருக்கிறேன்.
மரத்துப்போனது இடுப்புத் தோல் மட்டும்.
"இடது பெருவிரலை ஆட்டுங்க, பூங்காவனம்."
ஆட்டினேன்.
ஆடியதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

தலையைத் திருப்பினால் டிவி.
என் முதுகுக்குள் தண்ணீர் ஓடுகிறது,
பாசி மாதிரி வெள்ளை நார்கள் அசைய.
நரம்பின் மேல் சாய்ந்துகொண்டு
ஒரு நீர்க்கட்டி,
பட்டாணி அளவுகூட இல்லை.
இதற்காகவா எட்டு மாதம்
ஐந்து ரோட்டில் பஸ் ஏற
அடுத்தவள் தோளைக் கேட்டேன்?

சிவதாபுரம் பட்டறையில்
பதினாறு வருஷம் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதியவள்.
குறடு பிடிக்கிற கையை எனக்குத் தெரியும்.
பென்சில் நுழையும் துளைக்குள்
அந்தக் கை
கட்டியின் கழுத்தைத் தொடுகிறது,
விடுகிறது,
காலில் மின்னல் அடிக்க நான் "ஸ்" என்றதும்
நிற்கிறது.
மறுபடி, வேறு பக்கமிருந்து.
எங்களிடம் வேலைக்கு வந்திருந்தால்
முதலாளிக்குச் சேதாரம் மிச்சம்.

"இது அபூர்வமா வர்றது" என்றார்
டப்பாவில் போட்டுக்கொண்டே.
"எத்தனை மில்லி இருக்கும் டாக்டர்?"
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் எடையைத்தான் கேட்டேன்.

ஒரே தையல்.
சாயங்காலம் நர்ஸ் நிற்க வைத்தாள்.
மொசைக் தரை
சில்லென்றிருந்தது,
இரண்டு காலுக்கும்.